ஐயமும் தெளிவும்: தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் காட்சி பெறும் இடம்

களவொழுக்கத்தின் தொடக்கத்தைக் கூறவந்த ஆசிரியர் தொல்காப்பியனார், தலைமகன் உள்ளத்து நிகழ்வனவற்றைக் காட்சி, ஐயம், தெளிவு என ஒரு முறைப்பட வைத்துள்ளார். இம்முறையில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது, காட்சி ஐயத்திற்கு முன் நிற்பதாகும். அளவை நூலார் வழக்கு இதனின் வேறு. அவர்கள் ஐயத்தைக் காட்சியின் குற்றங்களுள் ஒன்றாக எண்ணுவர். சான்றுகளால் அக்குற்றத்தைக் களைந்த பின்னரே மெய்க்காட்சி உண்டாம் என்பர். அகப்பொருள் இலக்கணமோ, கண்டதனாலேயே ஐயம் பிறந்தது என்று கூறுகின்றது. தலைமகளைக் காணாதவனுக்கு அவளைப் பற்றிய ஐயமும் இல்லை. கண்டவனே, இவள் வானர மகளோ, வரையுறை தெய்வமோ, மானிட மகளோ என்று மயங்குகின்றான்.

அவ்வையமும் எல்லா இடத்தும் நிகழ்வதன்று. கண்ட பொருள் சிறப்புடையதாயின் மட்டுமே ஐயம் தோன்றும்; இழிந்ததாயின் கண்ட அளவிலே இன்னது எனத் துணியப்படும் என்பது ஆசிரியர் கருத்து. எனவே ஈண்டு ஐயம் அறிவின் நோயாகக் கொள்ளப்படவில்லை. சிறப்பினை எதிர்ப்பட்ட அறிவு தன் அளவு போதாமை கண்டு தடுமாறும் தடுமாற்றமாகவே கொள்ளப்பட்டது. அதனை நீக்குவன யாவை? மொய்க்கும் வண்டு, அணிந்த இழை, வாடும் பூ, இமைக்கும் கண், தடுமாற்றம், அச்சம் முதலியன. இவை யாவும் தளர்ச்சியின் அடையாளங்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. தெய்வமகளின் பூ வாடாது, கண் இமையாது. வாடுதலும் இமைத்தலும் கண்டே தலைமகன், இவள் நம் நிலத்தாள் எனத் தெளிகின்றான். தலைமகளுக்கு இத்தகைய ஐயம் கூறப்படாமைக்குக் காரணம் காட்டும் உரையாசிரியர், அவள் ஐயுறின் அச்சம் பிறக்கும், அச்சம் பிறப்பின் காதல் உணர்வு இல்லையாம் என்பர். ஐயம் இருவழிகளில் முடியலாம் என்பது இதனாற் பெறப்படும்: ஒன்று தெளிவு, மற்றொன்று அச்சம். இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

கிறித்தவ சமயத்தில் ஐயுற்ற ஒருவன் நம்பிக்கை பெறும் வரலாற்றைப் பலரும் மூன்று படிகளாகக் கூறுவர்: முதற்கண் ஐயம், அடுத்துச் சான்று, இறுதியில் நம்பிக்கை. நீதிமன்ற வழக்கொன்று தீர்ப்புப் பெறுவது போன்ற இவ்வடைவு, எளிதாயிருத்தல் பற்றியே பெரிதும் வழங்குகின்றது போலும். தமிழில் எழுந்த கிறித்தவ நூல்களையும், அவற்றிற்கு மூலமாகிய நற்செய்தி நூல்களையும் உற்று நோக்கினால், அவற்றில் அமைந்துள்ள முறை களவியலின் முறைக்கே அணித்தாதல் புலப்படும். ஒருவரை எதிர்ப்படுதல் முன், ஐயம் பின், அவ்வொருவரே தம்மைத் தெரிவித்தலால் தெளிவு. இதனை எச். ஏ. கிருட்டிண பிள்ளையின் வாழ்வையும் நூலையும் நடுவாக வைத்து விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐயத்திற்கு எடுத்துக்காட்டாக உலகமெங்கும் பேசப்படுபவர் தோமா. சென்னையை அடுத்த பரங்கிமலையோடும் மயிலையோடும் மரபு இவரைத் தொடர்புபடுத்துதலின், தமிழர்க்கு இவர் அயலார் அல்லர். யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் இவர் செய்தியைக் கூறுகின்றது. உயிர்த்தெழுந்த இயேசு ஏனைய சீடர்க்குத் தோன்றியபோது தோமா உடனிருந்திலர். கண்டவர்கள் சொல்ல, ஆணிகளின் தழும்பைக் கண்டு அதில் விரலையிட்டும் விலாவிற் கையையிட்டும் அன்றி நம்பேன் என்றார். எட்டு நாள் கழித்து, கதவுகள் அடைத்திருக்க, இயேசு மீண்டும் வந்து நின்றார். தோமாவை நோக்கி, விரலை நீட்டுக, கையை நீட்டுக என்றார்.

இப்பகுதியைப் படிப்போர் பெரும்பாலும் காணாது விடும் செய்திகள் இரண்டு உள. முதலாவது, தோமா தொட்டார் என்று யோவான் கூறவில்லை. ஓவியர்கள் விரலைப் புண்ணில் இட்டே தீட்டினர். மூலநூலோ, அழைப்பு முடிந்த அளவில் தோமா அவரை ஆண்டவர் எனவும் கடவுள் எனவும் கூறினார் என்ற அளவில் நிற்கின்றது. தாம் கேட்ட சான்றைப் பெறுமுன்பே அவர் தெளிந்தார் என்று கொள்ள நூலில் இடமுண்டு. அவ்வாறாயின் தெளிவித்தது எது? இரண்டாவது செய்தி இதற்கு விடையாகின்றது. இயேசு கூறியவை தோமா முன்னர்க் கூறிய சொற்களே. அச்சொற்களை அவர் கூறியபோது இயேசு அங்கே காணப்பட்டிலர். தாம் காணவேண்டும் என்று நிபந்தனை இட்டவர், தாமே முன்னர்க் காணப்பட்டிருத்தலை உணர்கின்றார். இதே நூலின் முதல் அதிகாரத்தில், நாசரேத்து ஊரிலிருந்து நன்மை வருமோ என்று ஐயுற்ற நாத்தான்வேலின் செய்தியும் இவ்வாறே அமைந்துள்ளது. அவனிடம் பிலிப்பு வாதிடவில்லை. வந்து காணுமாறு மட்டும் அழைத்தான். வந்தவன், அத்திமரத்தின்கீழ் இருந்தபோதே தான் காணப்பட்டதைக் கேட்டுத் தெளிந்தான். களவியலிலும் தெளிவிற்குப்பின் அமைவது இருவர் கண்ணும் ஒன்றையொன்று நோக்கிக் குறிப்பறிதலே அன்றோ? காண்பானும் காணப்படுவானும் ஒருவனே ஆகும் நிலை அது.

ஒப்புமை இவ்வளவில் நிற்க, வேற்றுமையையும் கூறுதல் வேண்டும். தலைமகன் வாடும் பூவைக் கண்டு, இவள் தெய்வமல்லள் எனத் தெளிந்தான். தோமாவோ புண்ணின் தழும்பைக் கண்டு, இவர் கடவுள் எனத் தெளிந்தார். தளர்ச்சியின் அடையாளமே இருவர்க்கும் ஐயம் களையும் கருவி, முடிவோ நேர்மாறு. கிறித்தவ சமயம் தமிழ் மரபினின்று வேறுபடும் இடம் யாது என்று வினவுவார்க்கு, கோட்பாட்டு நூல்கள் பலவற்றைக் காட்டுவதினும் இவ்வொரு வேற்றுமையைக் காட்டுதல் தெளிவு தரும் என்பது எம் கருத்து.

மத்தேயு நற்செய்தியின் இறுதி அதிகாரம் இன்னும் ஒரு படி மேற்செல்கின்றது. கலிலேயாவின் மலையில் சீடர்கள் இயேசுவைக் கண்டு பணிந்தனர் என்று கூறிய அத்தொடரிலேயே, சிலர் ஐயுற்றனர் என்றும் அந்நூல் கூறும். பணிதலும் ஐயுறுதலும் ஒரே காட்சியின் விளைவாக அங்கே நிற்கின்றன. காட்சி ஐயத்தை ஒழித்துவிடும் என்று எளிதிற் கூறுவார் இத்தொடரை என் செய்வரோ அறியோம்.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி ஒன்று வேண்டப்படுகின்றது. தமிழ் விவிலியத்தில் பெருவழக்காயுள்ள சொல் விசுவாசம். தோமாவை நோக்கிக் கூறப்பட்ட சொல்லும் ஐயத்தைக் குறிப்பதன்று, அவிசுவாசத்தைக் குறிப்பதே. பிற்காலத்தார் பலர் விசுவாசத்திற்கு நம்பிக்கை என்பதனை ஆண்டனர். இஃது ஏதோ புதுமை என்று கருதுவார் உளர். தொல்காப்பியர் உரியியலில் நம்பு, மே என்னும் இரண்டினையும் நசை என்னும் பொருளில் வைத்தார். நசையாவது விருப்பம். எனவே பண்டைத் தமிழில் நம்புதல் என்பது, ஒரு கூற்றினை மெய்யென ஒப்புதலுக்கு முன்பு, ஒருவரை விரும்புதலாகவே இருந்தது. கூற்றைப் பற்றிய ஐயத்தைச் சான்று நீக்கும். ஆளைப் பற்றிய ஐயத்தை அவ்வாள் அன்றி வேறெது நீக்கும்? விசுவாசம் என்னும் சொல்லை நீக்கி நம்பிக்கையை ஆள்வார், தூய தமிழ் என்னும் காரணத்தோடு இக்காரணத்தையும் சேர்த்துக் கூறலாம்.

இனி, நூல்களுள் மேலும் புகுமுன் அண்மை நிலத்துச் செய்திகள் சிலவற்றைக் காண்போம். பத்திரகாளியம்மன் கோயிலால் பெயர்பெற்ற அம்பகரத்தூரில் இருந்து இதனை எழுதுகின்றோம். கிழக்கே சென்றால் திருநள்ளாறு. அதனைக் கடந்தால் காரைக்கால். அங்கிருந்து கடலோரமாக வடக்கே தரங்கம்பாடி. ஒரு நாளில் நடந்தே கண்டுவரத்தக்க இம்மூன்று ஊர்களும் ஐயம் நீங்கும் வழிகள் மூன்றினை நினைவூட்டுகின்றன.

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நடைபெறுகின்றது. சேக்கிழார் கூறும் வரலாறு யாவரும் அறிந்ததே. கணவன் பரமதத்தன் அனுப்பிய மாங்கனிகள் இரண்டனுள் ஒன்றைப் புனிதவதியார் சிவனடியார்க்கு அளித்தார். எஞ்சியதனை உண்ட கணவன் மற்றதனையும் கேட்க, இறையருளால் ஒன்று பெற்றுத் தந்தார். அதன் சுவை வேறுபடக் கண்டு அவன் வினவினான். நிகழ்ந்ததைக் கூறியும் தெளியாது, அங்ஙனமாயின் இன்னும் ஒன்று பெற்றுத் தருக என்றான். பெற்றுத் தந்த கனி அவன் கையிற்பட்ட அளவில் மறைந்தது. தோமா கேட்டது போலவே பரமதத்தனும் சான்று கேட்டான். அதனைப் பெற்றும் விட்டான். ஆயின் அவனுக்கு விளைந்தது தெளிவன்று, அச்சம். கலமேறிச் சென்றான், பாண்டிநாட்டில் வேறு மணம் செய்தான், பிறந்த மகளுக்கு அவர் பெயரை இட்டான், அவர் வந்தபோது மனைவி மகளோடு காலில் வீழ்ந்தான். அவன் ஐயம் நீங்கியது. உடன் உறவும் நீங்கியது. தலைமகள் ஐயுறின் அச்சம் பிறக்கும் என்று உரையாசிரியர் அஞ்சிய நிலை ஈண்டுத் தலைமகன்பால் நிகழ்ந்ததைக் காண்கின்றோம். அவன் கையிற் கனி நில்லாமையையும், தோமாவின் கை நீட்டுமாறு அழைக்கப்பட்டமையையும் ஒருங்கு வைத்து எண்ணுக. அம்மையார்க்கோ நிலை வேறு. அவர் ஐயுற்றவரே அல்லர். ஆதலின் அவர் வரலாறு ஈண்டு ஆராய்ச்சிக்கு உரியதன்று.

திருநள்ளாறு வாதத்தின் வழியைக் காட்டுகின்றது. மதுரையில் சமணரோடு நிகழ்ந்த அனல்வாதத்தில் திருஞானசம்பந்தர் தீயில் இட்ட ஏடு திருநள்ளாற்றுப் பதிகம் எழுதியதாகும். எரியாது நின்றமையால் அது பச்சைப் பதிகம் எனப்பட்டது. வாதத்தால் வெற்றி பெற்ற வரலாறாகவே இது வழங்குகின்றது. எனினும் பாண்டியன் மனம் மாறியதற்கு முதற்காரணம் அனல்வாதம் அன்று. அதற்கு முன்னரே அவன் உடலிற் பற்றிய வெப்பு நோயைச் சம்பந்தர் தீர்த்தருளினார். திருநாவுக்கரசர் மீண்டும் சைவம் புகுந்ததும் சூலைநோயின் வாயிலாகவே. தமிழ் மரபில் சமயம் மாறினார் வரலாறுகளில் உடம்பு வாளா இருப்பதில்லை. வாதம் பின்னர் வந்து, முன்னரே நிகழ்ந்துவிட்டதனை ஊரறியச் செய்கின்றது.

தரங்கம்பாடிச் செய்தி சற்று விரித்துரைத்தற்குரியது. 1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அங்கு வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறாரோடு மணலில் எழுத்துப் பயின்றவர். தமிழ் ஏடுகளைத் தொகுத்து 1708இல் அவற்றிற்கு அட்டவணை வகுத்தவர். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தவர். அவர் தமிழரோடு நிகழ்த்திய சமய உரையாடல்களும், 1712 முதல் 1714 வரை தமிழர் பலரிடமிருந்து பெற்ற விடைமடல்களும் செருமானிய மொழியில் ஆல்லே நகரில் வெளியாயின. வாதத்தால் ஐயம் நீங்கி நம்பிக்கை பிறக்கும் என்பார்க்கு இவை நல்ல சோதனை. ஏனெனில், அவ்வுரையாடல்களில் பெரும்பாலானவை இருதிறத்தாரும் தத்தம் நிலையில் நிற்கவே முடிகின்றன. அதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. தமிழர் எழுப்பிய தடைகளுள் அடிக்கடி வருவது கோட்பாட்டுத் தடையன்று. உங்கள் சமயத்தார் ஒழுக்கம் இத்தகையதாயிருக்க, உங்கள் சமயத்தை யாம் எங்ஙனம் ஏற்பது என்பதே. குடியும் கொடுமையும் உடைய ஐரோப்பியரை அவர்கள் நாள்தோறும் கண்டனர். ஆகவே காட்சி ஐயத்தை நீக்கியதும் உண்டு, விளைத்ததும் உண்டு. ஆளை எதிர்ப்படுதலே நம்பிக்கைக்கு வாயில் என்று கொண்டால், ஆளை எதிர்ப்படுதலே நம்பாமைக்கும் வாயிலாதலை மறுத்தல் இயலாது. சமயத் தொண்டர் எழுதிய வரலாறுகள் இவ்விரண்டாம் கூற்றினை மெல்ல நழுவவிடுதலைப் பயில்வோர் கண்டிருப்பர். சீகன்பால்கு அம்மடல்களை மறையாது அனுப்பினார் என்பது அவர்க்குப் பெருமை தருவதாகும்.

இனித் தேம்பாவணி. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய இப்பெருங்காப்பியம் மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் உடையது. வளன் என்னும் சூசையைத் தலைவனாகக் கொண்டது. மணம் பேசப்பட்ட மரியாள் கருவுற்றதறிந்து சூசை உற்ற மனக்கலக்கத்தை மத்தேயு சில அடிகளிற் கூறி முடித்தார். முனிவரோ ஐயந்தோற்று படலம் எனவும், ஐயநீங்கு படலம் எனவும் இரண்டு படலங்களாக அதனை விரித்தார். நற்செய்தி நூலில் சிறு துளியாக இருந்த ஐயத்தைத் தமிழில் பெருக்கக் காரணம் என்ன? காப்பிய விரிவு என்று மட்டும் கூறிவிடுதல் போதாது. சூசையின் ஐயம் கேள்விப்பட்ட ஒன்றைப் பற்றியதன்று. தான் நாளும் கண்டு, மாசின்மையை நேரில் அறிந்த ஒருத்தியைப் பற்றியது. அவளை அறியாதவனாயின் ஐயம் ஏது? ஊரார் போல் எளிதில் பழி துணிந்திருப்பான். அவள் சிறப்பை அறிந்தமையாலேயே கண் கண்டதை ஒப்பவும் மாட்டான், மறுக்கவும் மாட்டான். சிறந்த இடத்தே ஐயம் சிறக்கும் என்னும் இலக்கணத்திற்கு இதனினும் பொருந்திய இலக்கியம் காண்டல் அரிது.

ஆயினும் அவன் ஐயத்தை நீக்கியது காட்சியன்று. கனவில் வந்த வானவன் சொல். எம் கருத்திற்கு இது முரணாதலை மறைத்தல் ஆகாது. கண் ஐயுறுத்தியது, செவி தெளிவித்தது. எனினும் படலங்களின் அடைவை நோக்குக. ஐயநீங்கு படலத்தோடு முனிவர் நின்றுவிடவில்லை. அதன் பின்னரே மகவருள் படலமும், அதனை அடுத்துக் காட்சிப் படலமும் அமைகின்றன. சொல்லால் தெளிந்தவன், அச்சொல்லின் பொருளைக் கையில் ஏந்தும் வரை காப்பியம் நடக்கின்றது. அகத்திணை பயின்ற புலவர்பால் தமிழ் கற்ற முனிவர்க்கு இவ்வடைவு தற்செயலாக அமைந்தது என்று கொள்ள மனம் ஒருப்படவில்லை. எனினும் அவர் கூற்றாகச் சான்று காட்டல் இயலாமையின், கருத்தாகவே கூறி அமைகின்றோம்.

எச். ஏ. கிருட்டிண பிள்ளைக்கு வருவோம். 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நெல்லை நாட்டுக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். இளமை தொட்டே இவரும் அதில் தோய்ந்தார். 1853இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று, என்றி ஆல்பிரடு என்னும் பெயரேற்றார். உடன்பிறந்தாராகிய முத்தையா பிள்ளையும் அச்சமயம் சார்ந்தார். தாம் கிறித்தவரான வரலாற்றைக் கிருட்டிண பிள்ளை உரைநடையாகவும் எழுதி வைத்தார்.

இவ்வாண்டுகளைச் சேர வைத்து நோக்குதல் வேண்டும். ஊழியத்தின் பொருட்டுச் சமயம் மாறினார் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டினர் பலரைப் பற்றியும் பொதுப்படக் கூறும் வழக்கு ஆராய்ச்சியாளரிடையே உண்டு. சிலர் திறத்து அது மெய்யாகவும் இருக்கலாம். கிருட்டிண பிள்ளையோ வைணவராகவே அவ்வூழியத்தைப் பெற்றார். வைணவராகவே அதில் நிலைத்திருந்தார். பணிக்கும் முழுக்கிற்கும் இடையே ஐந்து ஆண்டுகள் சென்றன. பகலெல்லாம் கிறித்தவரிடையே தமிழ் கற்பித்து, தம் சமயம் பேணி வாழ்ந்த அவ்வைந்து ஆண்டுகளே நம் ஆராய்ச்சிக்கு உரியன. அவர் ஐயம் கிறித்தவத்தைக் காணாத ஐயமன்று, கண்டுகொண்டேயிருந்தவரின் ஐயம். மறுபுறம், அவரைத் தெளிவித்தது இன்ன வாதம் என்று சுட்டுதல் எளிதன்று. நண்பரும் உடன்பிறந்தாரும் அச்சமயத்தை நாடியமை, பழகியவரின் வாழ்வு, தனித்த மன்றாட்டு என்னும் இவையே அவ்வரலாற்றில் முன்னிற்கின்றன. குடியும் கொடுமையும் கண்ட தரங்கம்பாடித் தமிழர்க்குக் கிட்டாத காட்சி சாயர்புரத்துத் தமிழாசிரியர்க்குக் கிட்டியது போலும்.

அவர் முழுக்குப் பெற்று 36 ஆண்டுகள் கழிந்த பின், நற்போதகம் என்னும் இதழில் தொடர்ந்து வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூல் வடிவு பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பருவங்களும் 3766 பாடல்களும் உடைய இந்நூல், சான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கிலப் பயண உருவகத்தைத் தழுவியது. தழுவல் நூல் என்பதாற் சிலர் இதனைக் கம்பர் உடையணிந்த அயல்நாட்டுக் கதை என்று ஒதுக்குவர். மொழியும் யாப்பும் உவமையும் கம்பர்பாற் பெற்றவை. கதை பிறர்பாற் பெற்றது. எனின் ஆசிரியர்க்கு உரியது யாது என்பது அவர் வினா. நல்ல வினாவே. விடையைத் தழுவிய இடங்களில் தேடுதல் பயனற்றது. தழுவாத இடத்தில் தேடுதல் வேண்டும்.

பனியன் நூலில் ஐயம் ஒரு கோட்டையாக உருவகிக்கப்பட்டுள்ளது. நம்பிக்கையிழப்பு என்னும் அரக்கன் பயணியரை அக்கோட்டையில் அடைத்து வதைக்கின்றான். தன் மடியிலேயே வாக்குறுதி என்னும் திறவுகோல் இருந்ததைப் பயணி நினைவுகூர்ந்த அளவில் கதவுகள் திறக்கின்றன. வாக்குறுதி என்பது மறைநூலின் சொல். பனியன் 1666இல் எழுதிய தன்வரலாற்றைப் படிப்பார், அவர் பல்லாண்டு ஐயத்துள் உழன்றதையும், மறைநூல் தொடர்கள் ஒவ்வொன்றாக நினைவில் எழுந்து அவரை அலைத்தும் ஆற்றியும் வந்ததையும் காண்பர். அவர்க்குச் சொல்லே திறவுகோல். சிலுவையை அவர் மிகச் சுருங்கவே கூறினார்: பயணி மேட்டில் நிற்கும் சிலுவையைக் காண்கின்றான்; முதுகுச் சுமை தானே கழன்று உருண்டு கீழே கல்லறையில் மறைகின்றது; அவ்வளவே. சிலுவையில் நிகழ்ந்தது இன்னது என்று அவர் விரிக்கவில்லை. விவிலியம் வீட்டுக்கு வீடு ஓதப்பட்ட நாட்டில் அதற்குத் தேவையும் இல்லை.

கிருட்டிண பிள்ளை அங்ஙனம் கடந்து செல்லவில்லை. குமார பருவத்தில், மூலத்தில் இல்லாத இரட்சணிய சரித படலத்தை அமைத்து, இயேசு பிடிபட்டது முதல் இறந்தது வரை நிகழ்ந்தவற்றைக் கண்முன் நிறுத்துகின்றார். கூட்டம் எள்ளுதலும், அடித்தலும், அவர் மறுமொழி கூறாது பொறுத்தலும் வரும் இப்பகுதி, பாடநூல்களின் வாயிலாக மாணவர் பலரும் அறிந்ததாகும். தழுவல் நூலொன்றில், கதையின் ஓட்டத்தை நிறுத்தி, இவ்வளவு பெரியதொரு பகுதியை ஆசிரியர் புகுத்தியது ஏன்? காவியத்திற்கு ஒரு தலைவன் வேண்டும், பயணி தலைவனாதற்குப் போதான் என்று சிலர் விடை கூறுவர். அது பொருந்தும், எனினும் முழு விடையன்று. தோமா வரலாற்றின் முடிவில் ஒரு சிக்கல் உண்டு. காணாமலே நம்புவோர் பேறுடையர் என்று அவ்வதிகாரம் கூறுகின்றது. அங்ஙனமாயின், பதினெட்டு நூற்றாண்டு கழித்துப் பொருநைக் கரையில் பிறந்தவர்க்குக் காட்சி எங்ஙனம் கூடும்? யோவான் அடுத்த தொடர்களிலேயே விடை தருகின்றார்: நீங்கள் நம்பும்பொருட்டு இவை எழுதப்பட்டன. நூலே காட்சியின் இடத்தில் நிற்கின்றது. கிருட்டிண பிள்ளை இதனைத் தமிழ்ப் புலவர்க்கே உரிய முறையில் உணர்ந்தார் எனலாம். இராமனைக் கண்ணாற் கண்டவன் போலவே கம்பன்வழிக் கண்டு பழகியவர் அவர். சொல் கண்ணுக்கு விருந்தாதல் கூடும் என்பதை அவர் சமயம் மாறியபின் கற்கவேண்டியிருந்ததில்லை. ஆகவே, பயணிக்குச் சிலுவையைக் காட்டியதோடு அமையாது, படிப்போனையும் அதன் முன் கொண்டுவந்து நிறுத்தினார். சுமை கழலுதல் பயணிக்கு நிகழ்ந்தது. காட்சி படிப்போனுக்கும் வேண்டும் என்பது அவர் துணிவு. தழுவிய நூலில் ஆசிரியர்க்கு உரியது இதுவே.

அப்படலத்தில் அவர் வற்புறுத்துவன மேற்கூறிய தளர்ச்சியின் அடையாளங்களே. அற்புதங்களைக் காட்டி ஐயம் களைதல் அவர்க்கு அரிதன்று. நற்செய்தி நூல்களில் அவை நிறைந்துள்ளன. அவரோ காயத்தையும் வசையையும் பொறுமையையும் மிகுத்துப் பாடினார். அற்புதம் பரமதத்தனுக்கு அச்சத்தையே விளைத்தது என்பதனை ஈண்டு நினைவுகூர்க.

நூலினிடையே ஆங்காங்கு அமைந்த இசைப்பாக்கள் இரட்சணியத் தேவாரம் எனப் பெயர் பெற்றுள்ளன. சைவத்தின் பெயரையும் வடிவையும் எடுத்தாண்டமையைச் சிலர் குறையாகக் கூறுவர். சிலர் ஒற்றுமைக்குச் சான்றாகக் கூறுவர். வடிவைவிடப் பெரிதாக எமக்குப் படுவது, கதையைப் படர்க்கையில் நடத்திச் செல்லும் ஆசிரியர் அவ்விடங்களில் முன்னிலைக்கு மாறுதலே. கதைமாந்தனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரெனத் தம் ஆண்டவரை நோக்கிப் பேசுகின்றார். ஐயம் எப்போதும் படர்க்கைச் சொல்லால் நிகழ்வது. இவர் யார், இஃது உண்மையோ என்பன அதன் வடிவங்கள். தெளிவு முன்னிலைச் சொல்லைக் கொண்டுவருகின்றது. தோமாவின் விடையும் யோவானின் கூற்றுப்படி, இவர் கடவுள் என்னும் முடிபுரையாக இல்லை. என் ஆண்டவர், என் கடவுள் என்னும் விளியாகவே உள்ளது.

கிருட்டிண பிள்ளை 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு வெளியான இரட்சணிய மனோகரத்தில் பயணி இல்லை, கோட்டை இல்லை, கதையே இல்லை. வேண்டலும் புகழ்தலுமாகிய பாடல்களே உள்ளன. யாத்திரிகத்தில் இடையிடையே தோன்றிய முன்னிலை அந்நூலில் முழுமையும் பரவிவிட்டது. இரு நூல்களின் விளிகளையும் ஒருங்கு தொகுத்து, எவ்விடத்தில் எப்பெயரால் அழைக்கின்றார், வைணவ நூல்களிற் பயின்ற விளிகளுள் எவற்றைக் கொண்டார், எவற்றை விட்டார் என்று ஆராயும் வேலை மேற்பட்ட வகுப்பு மாணவர் கைக்கொள்ளத்தக்கது.